கறுப்புக் காது வைத்த வடச்சட்டி

சித்தி எங்கள் வீட்டுக்கு வரும்வரை, பால் என்பது லேசாகத் தீய்ந்த வாசம் அடிக்கும் ஒரு பானம் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. அம்மாவிடம் கல்யாணச் சீரில் வந்த ஓர் எவர்சில்வர் போசி இருந்தது. போசி என்றால் எங்கள் பக்கத்தில் வாய் அகன்ற பாத்திரம். அதன் கழுத்தில் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், பெயரையும் ஊரையும் வெட்டியிருந்தார்கள். அம்மா அதில்தான் பால் காய்ச்சுவாள், அதிலேயே ரசம் வைப்பாள், திடீரென்று நாலு பேர் வந்துவிட்டால் அதிலேயே உப்புமாவும் கிண்டுவாள். போசி முகம் பார்க்கிற மாதிரிப் பளபளக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அடிப்பிடிப்பது பாலின் பிறவிக் குணம் என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. கணியூரில் பன்னிரண்டாவது முடித்த கையோடு, அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. எண்பதுகளின் கடைசி அது. மண்ணரையில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான். என் பாயில் பாதியைச் சித்திக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்கு கொடுப்பதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. ஆனால் மறுநாள் காலையில் சித்தி காய்ச்சிக் கொடுத்த பாலைக் குடித்த பிறகு, பாய் முழுவதையும் அவள் பேருக்கே எழுதிக் கொடுக்கத் தயாராகிவிட்டேன்.

அவள் ஒன்றும் மாயம் செய்யவில்லை. பரணில் கிடந்த அடி கனமான அலுமினியப் பாத்திரத்தை இறக்கித் தேய்த்து, அதில் கொஞ்சம் தண்ணீரைச் சுழற்றி ஊற்றிவிட்டு, சின்ன பர்னரில் வைத்துப் பாலைக் காய்ச்சியிருந்தாள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எவர்சில்வர் பாக்கத்தான் அழகு. சூடு பூராவும் ஒரே எடத்துல நின்னுக்கும், அதான் புடிக்குது. பாலுக்கு இது நல்லாருக்கும். ஆனா புளிய மட்டும் அலுமினியத்துல ஊத்தீராத, கறுத்துப் போயிரும்" என்றாள் சித்தி. அவள் குரலில் உபதேசம் செய்கிற தோரணையே இருக்காது. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொல்வாள். அம்மா ஒரு வாரம் வீம்பு பிடித்தாள். பிறகு போசியைக் கழுவிக் கவிழ்த்து, தண்ணீர் வைக்கிற பாத்திரமாகப் பதவி மாற்றிவிட்டாள்.

அதன்பின் எங்கள் சமையலறையில் ஒரு புதிய ஆட்சி நடந்தது. வறுவலுக்கு இரும்பு வடச்சட்டி, அதாவது வாணலி. புளிக்குழம்புக்கு மண்சட்டி. வதக்குவதற்கும் தாளிப்பதற்கும், இரண்டு பக்கமும் கறுப்புக் காது வைத்த அலுமினிய வடச்சட்டி. அந்தக் காதுகள் சுடாது, துணி இல்லாமலே தூக்கலாம். அடுப்பில் தீ பாத்திரத்துக்குக் கீழே அடக்கமாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஏறி எட்டிப் பார்க்கக் கூடாது. சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் கேஸும் வீண், கைப்பிடியும் வீண். இதையெல்லாம் அவள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. நான்தான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கினேன். பிறகு லைன் வீடுகளில் ஒவ்வொரு சமையலறையாகப் போய், "ஏனுங்க, உங்க தீ சைடுல ஏறுதுங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். என்னை எவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண்ணரையில் அந்தக் காலத்தில் யாரும் காசு கொடுத்துக் கரித்துணி வாங்கியதில்லை. கம்பெனியில் கட்டிங்கில் விழும் துண்டுத் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். சூடான பாத்திரத்தை இறக்க, தரை துடைக்க, எண்ணெய் வடிகட்ட, என் மூக்கைச் சிந்த, எல்லாவற்றுக்கும் அதுதான். சித்தி மட்டும் அந்த மூட்டையில் கையை விட்டு, ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பாள். பருத்தி என்றால் அடுப்பங்கரைக்கு. நைலான் கலந்தது என்றால் தரை துடைக்க. நான் நம்ப மறுத்தால், ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டுவாள். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகி உதிரும். மற்றது சுருண்டு உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்படும், மூக்கைத் துளைக்கும். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் துண்டைத் தொட்டுச் சொல்லச் சொன்னாலும் அவள் சொல்லிவிடுவாள். அது எனக்கு அந்தக் காலத்து சர்க்கஸ்.

அந்தத் தீபாவளிக்குப் போனஸ் வந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் தோடும் புடவையும் வாங்கினார்கள். சித்தி, செக்கிங் டேபிளில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஜெபமணி அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனாள். திரும்பி வரும்போது மடியில் ஒரு ஓவனை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வட்டமாக, அலுமினியத்தில், ஒரு பெரிய மூடி போட்ட குண்டா மாதிரி இருந்தது. அடியில் கம்பிச் சுருள், அதன்மேல் பாத்திரம் உட்கார ஒரு ஸ்டாண்டு, மூடியில் எட்டிப் பார்க்க ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. ஓவனைப் போட்டால் டியூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும். தெருவே வந்து பார்த்தது. கல்யாணம் ஆக வேண்டிய பெண் தங்கம் வாங்காமல் தகரம் வாங்கி வந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது.

ஜெபமணி அக்காவுக்கு நாசரேத் பக்கம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் அடுப்புக் கரியை மேலும் கீழும் போட்டே கேக் செய்துவிடுவார்களாம். முதல் கேக்குக்கு அவள்தான் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏ புள்ள, எவர்சில்வர் தட்டுல ஊத்திராத, அடி கருகிரும், நடு வேகாது பாத்துக்க. இந்தா, இதுல ஊத்து" என்று தன் கையால் ஓர் அலுமினிய டின்னைக் கொடுத்தாள். வட்டமாக, அடி தட்டையாக, பக்கம் நேராக இருந்தது. அதுதான் எங்கள் வீட்டுக் கேக் டின். அப்பா கட்டிங் டேபிளில் மார்க் போடுகிற பழுப்புக் காகிதத்தை சித்தி அளவாக வட்டம் வெட்டி, வெண்ணெய் தடவி, டின்னின் அடியில் போட்டாள். மாவைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றினாள். டின்னைச் சுற்றி ஒரு விரல் போகிற இடம் விட்டு நடுவில் வைத்தாள்.

"செவுத்த தொடக்கூடாது கண்ணு. சுத்தி வெக்கை ஓடோணும். பாதி வேகறதுக்குள்ள மூடியத் தொறக்கக்கூடாது. பிளாஸ்டிக்கு, மரம், கறுப்புக் காது வெச்சது, இது எதுவும் உள்ள போகவே கூடாது. அந்தக் காது அடுப்புக்கு மேல நிக்கறதுக்குத்தான். உள்ள போச்சுன்னா வெந்து ஊரே நாறிப்போகும்" என்றாள் சித்தி.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாவு மெல்ல மேலெழும்பியது. அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? சாயக் கழிவும் கரிப் புகையும் தவிர வேறெதையும் முகர்ந்தறியாத எங்கள் தெருவில், வெண்ணெயும் வெனிலாவும் கலந்து ஒரு வாசம் ஜன்னல் வழியே போனது. முன்பு தகரம் என்று சொன்னவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தட்டத்தோடு வந்தார்கள். எனக்குச் சித்தியைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் எந்தப் பொருள் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரே ஆள் என் பாயில் படுக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன்.

அந்த டின்னைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி, இரண்டாவது வாரமே கீழே போட்டுவிட்டேன். ஓரத்தில் உள்பக்கமாக ஒரு நெளிசல் விழுந்தது. சித்தி திட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கேக் ஒவ்வொன்றும் ஓரத்தில் ஒரு சின்னக் குழியோடுதான் வெளியே வந்தது. குழி விழுந்த துண்டு எனக்கு என்று ஆகிவிட்டது. அது என் முத்திரை என்று சொல்லி நான்தான் அதை வாதாடி வாங்கியிருந்தேன்.

சித்தி வந்து இரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் அப்பாவும் அவளும் சிரித்துக்கொண்டே கம்பெனியிலிருந்து வந்தார்கள். சித்தியைச் சாம்பிள் செக்ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் புது டிசைனை முதன்முதலில் தைத்துப் பார்க்கிற இடம் அது. அந்தக் கம்பெனியில் அதுவரை அங்கே பெண்கள் யாரையும் உட்கார வைத்ததில்லையாம். துணியைத் தொட்டே குணம் சொல்கிறாள் என்று மேனேஜரே கூப்பிட்டுக் கொடுத்தாராம். அப்பா இதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு ஒரு கேக் கிடைத்தது, அதனால் எனக்கும் அந்தச் செக்ஷன் மேல் நல்ல அபிப்பிராயம் உண்டானது.

அதே மாதத்தில்தான் அவிநாசிபாளையத்துச் சம்பந்தம் வந்தது. ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். ஒரே பையன். கார் இருந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கணியூரில் அப்புச்சி கேட்டவுடனே சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பெண் பார்க்க வருவது வெறும் சம்பிரதாயம்தான், நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று பேச்சு.

"கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போலாமாக்கா?" என்று சித்தி கேட்டாள். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

அம்மா சிரித்தாள். "மில்லுக்காரர் ஊட்டு மருமக எதுக்கு பனியன் கம்பெனிக்குப் போறா? அவங்க ஊட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லைன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க."

"எனக்கு வேண்டாமுன்னா?"

"அப்பா வாக்குக் குடுத்தாச்சு சாமி. நம்ம பக்கமிருந்து மாறினா அவரு தலையெடுத்து நடக்க முடியுமா? அவங்களா வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு. உன்னைய எவன் வேண்டாம்பான்?" என்று அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். அம்மா அதைப் பிரியமாகத்தான் சொன்னாள். சித்தி மீதி வெங்காயத்தை அரிந்து முடித்தாள். அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் நான் அந்த ஹாலிலேயே உட்கார்ந்து கேட்டேன். என் மண்டையில் ஏறியது வேறொரு செய்தி. பெண்ணிடம் ஓவன் இருக்கிறது, கேக் செய்வாள் என்று மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் போயிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைப் பலகாரம் வேண்டாம், அந்தப் பெண் கையால் கேக்கே சாப்பிடுகிறோம் என்று அந்த அம்மா சொல்லியனுப்பியிருந்தார். இவ்வளவு நல்ல குடும்பம் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. சித்தி போய்விடுவாளே என்ற துக்கமும் இருந்தது. ஆனால் ரைஸ் மில்லில் என்ன பெரிய ஓவன் வைத்திருப்பார்களோ என்ற எண்ணம் அந்தத் துக்கத்தை அடிக்கடி மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் கேக் டின்னைக் காணவில்லை.

அது எப்போதும் ஓவனுக்குள்ளேயேதான் இருக்கும். ஓவனில் இல்லை. பரணில் இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இல்லை. துண்டுத் துணி மூட்டையை ஹாலில் கொட்டிக் கிளறினோம். பக்கத்து வீடுகளில் கேட்டோம். இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்கள் என்று பேர் வாங்கியவர்களிடம் இரண்டு முறை கேட்டேன். அம்மா கிட்டத்தட்ட அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். மணி ஆகிக்கொண்டிருந்தது. சித்தி மட்டும் ஒரு பதற்றமும் இல்லாமல் முட்டையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"உடுக்கா. இன்னொன்னுல ஊத்தி வெச்சரலாம்" என்றாள். அம்மா, என்னமோ செய், உனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்ற ஓடினாள்.

சித்தி கை நீட்டி எடுத்தது கறுப்புக் காது வைத்த வடச்சட்டியை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடி உருண்டையான சட்டி அது, ஸ்டாண்டில் நிற்காது. சித்தி ஸ்டாண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சட்டியை நேராகக் கம்பிச் சுருள் பக்கத்தில் இறக்கினாள். காது இரண்டும் ஓவன் சுவரை இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றன. சட்டியை இறக்கப் பிடித்த துணியையும் அவள் எடுக்கவில்லை. மூடிக்கு அடியில் அது பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டிருந்தது.

"சித்தி! காது! செவுத்த தொடுது!" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிது. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு வினாடி என்னைப் பெரிய மனுஷியாக எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு என் தலையைத் தடவினாள்.

"கண்ணு, நீ போயி தெருமுனையில நில்லு. காரு வந்தா மொதல்ல நீதான் ஓடியாந்து சொல்லோணும்."

எங்கள் தெருவுக்குள் கார் வருவது மழை வருவதைவிட அபூர்வம். அதை முதலில் பார்க்கிற ஆளாக இருக்கும் வாய்ப்புக்கு முன்னால், வடச்சட்டியின் காது என்ன பெரிய காது? நான் ஓடிவிட்டேன்.

கார் வந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூவரும் இறங்கினார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்ட மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சாதுவான மனிதர், பெரும்பாலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மழையைப் பற்றிப் பேசினார். மாப்பிள்ளையின் அப்பா நெல்லைப் பற்றிப் பேசினார். சித்தி மாம்பழக் கலர்ப் புடவையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி ஓர் அழகு. மாப்பிள்ளை மின்விசிறியை மறந்தார்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

முதலில் லேசாக, மீன் கருகுகிற மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினார்.

"ஏனுங்க மாஸ்டர், ரோட்டுல டயரு எரிக்கறாங்களா?" என்று மில்லுக்காரர் மரியாதையாகக் கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் சமையலறை வாசலில் கறுப்புப் புகை எட்டிப் பார்த்தது. அப்பா பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அம்மா கதவையும் ஜன்னலையும் திறந்துகொண்டே என்னென்னவோ சாமி பெயர்களைச் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்தச் சட்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்திருப்பார்கள். சித்தி அதை ஒரு தட்டத்தில் வைத்து, நேராக ஹாலுக்குக் கொண்டுவந்து, விருந்தாளிகள் நடுவில் ஸ்டூலின் மேல் வைத்தாள். ஒரு காது வெடித்துப் பிளந்திருந்தது. இன்னொன்று கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. நடுவில் கரியாக ஒரு மேடு, அதன் நடுவே வேகாத மாவு மஞ்சளாகக் கொழகொழத்தது.

"இப்பிடி ஆயிப்போச்சுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சட்டியைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எதை எதுல வெக்கோணும்னு கூடத் தெரியாத புள்ளையா இருக்குதே. ஊட்டையே கொளுத்திப் போடும் போல இருக்குதுங்க. மொத மொத வந்த எடத்துல இப்பிடிக் கரும்பொகை" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் சித்தியையா? எதை எதில் வைப்பது என்று தெரியாதவள் என் சித்தியா? மரியாதை, விருந்தாளி, எல்லாம் பறந்துவிட்டது.

"எங்க சித்திக்கு எல்லாந் தெரியுமுங்க!" என்று முன்னால் வந்து நின்றேன். "கறுப்புக் காது வெச்சத உள்ள வெக்கவே கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே எங்க சித்திதானுங்க! செவுத்த தொடக்கூடாதுன்னும்..."

அடுத்த வார்த்தை வெளியே வரவில்லை. என் வாய்க்குள் ஒரு முழு மைசூர்பாகு இருந்தது. சித்தி எப்போது ஸ்டூல் பக்கத்திலிருந்து பலகாரத் தட்டுக்குப் போனாள், எப்போது என்னிடம் வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "புள்ளைக்குப் பசிங்க" என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா முதல்நாளே கிளறி வைத்த நல்ல நெய் மைசூர்பாகு, துப்பவும் மனம் வரவில்லை.

அப்பா அதற்குள் ஓவன் மூடியில் மாட்டியிருந்த துணியை உருவி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு பாதி உருகி, கறுப்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. நன்றாக இருந்த பாதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். சித்தியை ஒரு பார்வை பார்த்தார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேஸ்ட்டுத் துணியில நைலானு கலந்து போச்சுங்க. அவசரத்துல யாருக்குமே தெரியாது. எங்க ஊருல எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதானுங்க" என்று மில்லுக்காரரிடம் சொல்லிவிட்டு, துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஊருக்குப் போயி சொல்லியனுப்பறோமுங்க" என்று எழுந்தார்கள். சொல்லியனுப்புவார்கள் என்றுதான் நானும் நம்பினேன். அனுப்பத்தான் செய்தார்கள். சகுனம் சரியில்லை, மன்னிக்கணும் என்று வாரத்தின் நடுவில் கணியூருக்கே ஆள் போயிற்று. அப்புச்சியின் வாக்கு அவர் வாயிலேயே பத்திரமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னது அந்தப் பக்கம்தானே.

அன்று மத்தியானம் கார் போன பிறகு, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சித்தி பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை தெரிந்தவள், இத்தனை நாள் ஒரு கேக்கைக்கூடக் கருக்காதவள், அந்த ஒரே ஒரு நாளில் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாளே. பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். "அழுவாதீங்க சித்தி. அடுத்த மாப்பிள்ளைக்கு நாம நல்லாச் செய்யலாம்" என்றேன். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. தலையணைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. பாவம், எப்படி விம்முகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாளில் அந்தச் சாம்பிள் செக்ஷன் முழுவதற்கும் சித்திதான் பொறுப்பாளர் ஆனாள். எந்த நாட்டுத் துணி வந்தாலும் முதலில் அவள் விரலுக்குத்தான் போகும். தனக்குப் பிடித்த ஒருவரை, தன் வேலையை மதித்த ஒருவரை, அவசரப்படாமல் கல்யாணம் செய்துகொண்டாள். இன்று என் சமையலறையில் எத்தனையோ விதமான பாத்திரங்கள், கண்ணாடி, பீங்கான், ஒட்டாத சட்டி என்று அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் அடுப்பில் ஏற்றும்போது அவள் குரல்தான் என் காதில் கேட்கிறது. எதில் வைத்தால் எது கெடாது என்று நிறையப் பேருக்குத் தெரியும். எதில் வைத்தால் எது எவ்வளவு கெடும், யார் பேரும் கெடாமல் எதோடு அது நின்றுவிடும் என்று அளந்து வைக்கத் தெரிந்த ஒருத்தியை நான் என் வாழ்நாளில் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி மறுபடியும் ஓவனைப் போட்டாள். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டியது. போன வாரத்து நாற்றம் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்ணெயும் வெனிலாவும் வந்து அதை மெல்ல மெல்ல வெளியே தள்ளின. சித்தி வெள்ளைப் பருத்தித் துண்டால் பிடித்து எடுத்து, தட்டில் கவிழ்த்து, பழுப்புக் காகிதத்தை உரித்தாள். பொன்னிறமாக, உச்சி வெடிக்காமல், ஒரே சீராக வந்திருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் குழி.

அம்மா அந்தக் குழியைப் பார்த்தாள். கேக்குக்குப் பக்கத்தில் காலியாக இருந்த டின்னைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் தன் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சித்தி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு துண்டு குடு" என்றாள். அப்பாவின் முகத்துக்கு முன்னால் இருந்த பேப்பர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் அன்று எதுவும் புரியாத ஒரே ஆள் நான்தான். டின் எங்கே போயிருந்தது, எப்படித் திரும்பி வந்தது என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழி விழுந்த துண்டு என்னுடையது என்று முதலிலேயே சொல்லி வைத்தேன். அதைத் தின்று முடித்ததும், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன்.